சுடுது, அடுத்த நிமிஷம் ஜில்லிடுது: தெர்மோஸ்டாட்டை மாற்றலாமா?

கேள்வி: ஓசூரில் சொந்த வீடு, நாங்கள் இருப்பது மேல்மாடி. பாத்ரூமில் 3 லிட்டர், 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர். ஷவரில் தண்ணீர் நூல் மாதிரிதான் வருகிறது. சோப்பு போடும்போது கொதிக்கிறது, பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் திறந்தால் அடுத்த நிமிஷமே ஜில்லென்று ஆகிவிடுகிறது. கீழ் வீட்டில் இந்தத் தொல்லையே இல்லை. தெர்மோஸ்டாட் போய்விட்டது, மாற்றணும் என்கிறார் எலக்ட்ரீஷியன். மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் தெர்மோஸ்டாட் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. கோளாறு தண்ணீரின் ஓட்டத்தில்.

கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் 3 கிலோவாட் காயில், நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால் அதை ஏறக்குறைய 43 டிகிரி சூடேற்றும். மார்கழியில் உங்கள் டேங்க் தண்ணீர் 18 டிகிரி என்று வையுங்கள், 61 ஆகிவிடும். அந்தச் சூட்டில் தெர்மோஸ்டாட் சும்மா இருக்காது, காயிலுக்குப் போகும் கரண்டை நிறுத்திவிடும். உள்ளே இருந்த சூடான 3 லிட்டர் தீர்ந்ததும் பச்சைத் தண்ணீர் வரும். அதே காயிலில் நிமிஷத்துக்கு 2 லிட்டர் ஓடினால் 40 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக, குளிக்கப் பதமாக நிற்கும்.

இதில் நீங்கள் அறியாமலே செய்யும் ஒரு காரியமும் உண்டு. ஷவர் தலை அடைத்திருக்கும்போது பச்சைத் தண்ணீரைத் திறந்தால், அது போய்ச் சுடுதண்ணீரை நெருக்கும். கீசர் வழியாக ஓட்டம் இன்னும் குறையும், சூடு இன்னும் ஏறும், கரண்ட் சீக்கிரமே நிற்கும்.

முதலில் அளந்து பாருங்கள். பச்சைத் தண்ணீரை மூடி, சுடுதண்ணீரை மட்டும் முழுசாகத் திறந்து, ஷவருக்கு அடியில் ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடியுங்கள் (வாயில் ஒரு புனல் வைத்தால் சிந்தாது). 30 விநாடிக்குள் நிரம்பினால் ஓட்டம் போதும். ஒரு நிமிஷம் ஆனால் சந்தேகமே வேண்டாம், அதுதான் நோய்.

அடுத்து ஷவர் தலை. கழற்றித் தரையில் இரண்டு தட்டு தட்டுங்கள். போர் தண்ணீர் என்றால் முட்டை ஓடு மாதிரி வெள்ளைப் பொருக்கு உதிரும். சுடுதண்ணீரில் எலுமிச்சைச் சாறு கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். ரப்பர் முனைகள் இருந்தால் கட்டைவிரலால் நெருடினாலே அடைப்பு விடும். ஊசி போட்டுக் குத்த வேண்டாம், ஓட்டை பெரிசாகித் தண்ணீர் கோணலாகப் பீய்ச்சும்.

தலை இல்லாமலும் நூலாகவே வந்தால் பின்னோக்கிப் போக வேண்டும்: கீசருக்கு அடியில் உள்ள ஆங்கிள் காக், கனெக்‌ஷன் ஹோஸின் வாஷர், மாடியில் டேங்க் வாயிலுள்ள கேட் வால்வு. கேட் வால்வு வெளியே திறந்த மாதிரி சுற்றும், உள்ளே தகடு பாதியில் தொங்கிக்கொண்டிருக்கும். பைப் மேலும் கீழுமாக ஏறி இறங்கிப் போனால் ஏர் லாக் ஆகலாம், அதாவது உள்ளே காற்று சிக்கித் தண்ணீரை மறிக்கலாம். அந்தக் காற்றை வெளியே விட டேங்க் பக்கத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டிய ஏர் பைப்பைச் செலவு மிச்சம் என்று பல பிளம்பர்கள் விட்டுவிடுகிறார்கள். ஹோஸைக் கழற்றும் முன் கரண்ட் பெட்டியில் உள்ள கீசரின் எம்.சி.பி.யை (டிரிப் சுவிட்சை) இறக்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தது மட்டும் போதாது.

கீழ் வீட்டில் நன்றாக வருவதில் ஆச்சரியம் இல்லை. உங்கள் ஷவருக்கும் டேங்க் அடிமட்டத்துக்கும் இடையே 5 அடி இருந்தால் அழுத்தம் 0.15 பார்தான். ஒரு மாடி கீழே போனால் இன்னொரு 10 அடி, அதாவது 0.3 பார் கூடுகிறது. அதனால் பெரிய தட்டு ஷவரை மாட்டியிருந்தால் கழற்றிவிட்டுச் சின்னத் தலை போடுங்கள்.

வோல்டேஜையும் ஒரு நாள் காலையில் பாருங்கள். 230க்குப் பதில் 200 வந்தால் 3 கிலோவாட் காயில் சுமார் 2.3 கிலோவாட்தான் கொடுக்கும். கீசர் 13 ஆம்பியர் இழுப்பதால் 16 ஆம்பியர் பிளக் கட்டாயம். குளித்து முடித்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு, ஈரமில்லாத கையால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் சாக்கெட்டில் பிடிப்பு லூஸ் என்று அர்த்தம், அதை உடனே மாற்றணும்.

பூஸ்டர் பம்ப் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சுடுதண்ணீர் மட்டும் நிமிஷத்துக்கு 2 லிட்டர் வர ஆரம்பித்துவிட்டால் தேவையில்லை. பம்ப் போட்டு 6 லிட்டர் ஓடவிட்டால் இந்தக் காயில் அதை 7 டிகிரிதான் ஏற்றும், நடுங்கிக்கொண்டு குளிக்க வேண்டியதுதான். கொட்டுகிற ஷவர்தான் வேண்டும் என்றால் 15 லிட்டர் ஸ்டோரேஜ் கீசருக்கு மாறிவிட்டு அப்புறம் பம்ப்பை யோசியுங்கள். 60 டிகிரியில் நிறைந்த 15 லிட்டர், 18 டிகிரித் தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் கிட்டத்தட்ட 29 லிட்டர் ஆகும்.

இதெல்லாம் செய்து, பாட்டில் 30 விநாடிக்குள் நிரம்பியும் சூடு போய்ப் போய் வந்தால், அப்போது எலக்ட்ரீஷியன் சொன்னதைச் செய்யுங்கள்.