புலி வாய் மாஸ்க்கும் சம்கி மாஸ்க்கும்

கேள்வி (கொரோனா காலத்தில் வந்தது): குன்னூரில் வசிக்கிறோம். ஊட்டி பூங்கா பக்கம் ஒரு கடையில் 9 வயது மகனுக்குப் புலி வாய் அச்சிட்ட மாஸ்க்கும், 4 வயது மகளுக்குச் சம்கி தைத்ததும் வாங்கினேன். மகனுக்குக் கன்னம் சிவந்து அரிக்கிறது. மாஸ்க் சீக்கிரமே ஈரமாகிவிடுகிறது. மலையில் மாஸ்க் போட்டால் ஆக்சிஜன் குறையும் என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: மகளின் மாஸ்க்கை முதலில் கழற்றிவிடுங்கள் அம்மா. 5 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மாஸ்க் கட்டாயமில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டன. அதிலும் சம்கி கூடவே கூடாது. ஒவ்வொரு சம்கிக்கும் துணியில் ஊசித் துளை விழுந்திருக்கும். நூல் விட்டுப்போனால் சம்கி மூக்குக்குள் போய்விடலாம்.

மகன் போட்டுக்கொள்ளலாம். புலிப் படத்தில் தப்பில்லை. ஆசையாகப் போட்டுக்கொள்கிறான் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் படம் எதன் மேல் இருக்கிறது என்று பாருங்கள். மாஸ்க்கை பல்புக்கு நேராகப் பிடியுங்கள். வெளிச்சம் தாராளமாகத் தெரிந்தால் அது வேடிக்கைக்குத்தான் ஆகும். மூன்று அடுக்கு இருக்க வேண்டும், உள்பக்கம் பருத்தி. அப்புறம் அச்சைத் தடவிப் பாருங்கள். ரப்பர் போலத் தடிப்பாக இருந்தால் அதன் வழியே காற்று போகாது. மூச்சு மூக்கோரமாகவும் கன்னத்தோரமாகவும் வடிகட்டாமலே வெளியேறும். சாயம் துணியில் ஊறியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஸ்வெட்டர் கடைகளில் மஃப்ளருக்குப் பக்கத்தில் தொங்கும் வால்வு வைத்த மாஸ்க்கும் வேண்டாம். நம் மூச்சு அந்த வால்வு வழியே அப்படியே வெளியே போய்விடும். மத்திய சுகாதாரத் துறை 2020 ஜூலையில் மாநிலங்களுக்கு இதை எழுதியே அனுப்பியது.

மாமியார் சொல்வதில் பாதி சரி. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று கொஞ்சம் மெலிந்ததுதான். ஆனால் அதற்கும் மாஸ்க்குக்கும் சம்பந்தமில்லை. ஆக்சிஜனுக்குத் துணியின் இழை இடைவெளியே பெரிய வாசல். மூச்சு முட்டுவது போலிருப்பதற்குக் காரணம் ஈரம். குளிரில் மூச்சின் ஆவி துணியிலேயே நீராகிவிடுகிறது, பனிமூட்டம் வேறு. நனைந்த துணி வழியே மூச்சு இழுப்பது கஷ்டம். பையில் மாற்று மாஸ்க் இரண்டு போட்டு அனுப்புங்கள். ஆடிச் சாரலில் துணி காய்வது எப்படி என்று நான் சொல்லவே வேண்டாம். துவைத்துப் பிழிந்து, கடைசியில் இஸ்திரி போட்டுக் காயவையுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததைப் போடக் கூடாது.

கன்னம் சிவந்ததற்குச் சாயமும் காரணமாக இருக்கலாம், ஈரத்துணி உரசுவதும் காரணமாக இருக்கலாம். கடையில் எத்தனை பேர் மாட்டிப் பார்த்த மாஸ்க்கோ! துவைக்காமல் போட்டிருந்தால் அதுவும் காரணமாக இருக்கலாம். இப்போதைக்கு வெள்ளைப் பருத்தி மாஸ்க்குக்கு மாற்றுங்கள். முகத்தைக் கழுவி வாசலினை லேசாகத் தடவுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் போடாதீர்கள், குழந்தையின் முகத்துத் தோல் மெலிந்துவிடும். ஒரு வாரத்தில் அடங்காவிட்டாலோ, நீர்க் கொப்புளம் வந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது அந்தப் புலியையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். சாயத்தைப் பார்த்தால் அவருக்கு உதவும்.