போர்க்காலப் பத்திரிகை அட்டைகளில் ஏன் பனிக்காலக் குடும்பக் காட்சிகள்?

வீட்டில் காத்திருந்தவர்களுக்குத் தைரியம் தேவைப்பட்டது, அதுதான் முதல் காரணம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது வந்த, அமெரிக்காவின் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' பத்திரிகையின் 1944 டிசம்பர் 23 இதழ் அட்டையைப் பாருங்கள். நார்மன் ராக்வெல் வரைந்தது. சிகாகோ ரயில் நிலையத்தில் கிறிஸ்துமஸ் கூட்டம். நெரிசலுக்கு நடுவே சீருடைக்காரர்கள் தங்களவர்களைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ரத்தம், காயம் எதுவும் இல்லை. அதே வாரம் பெல்ஜியத்தின் ஆர்டென் காடுகளில், கொட்டும் குளிரில், ஜெர்மானியத் தாக்குதலில் அமெரிக்க வீரர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்காக இதைப் பொய் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மகன் வருவானா என்று தவித்த தாய்க்கு அந்தப் படம் வேண்டியிருந்தது. அப்புறம், அரசுக்கும் லாபம்தான்: பாட்டி வான்கோழியை மேசையில் வைக்கும் விருந்து உட்பட, 1943-இல் வந்த ராக்வெலின் 'நான்கு சுதந்திரங்கள்' என்ற தலைப்பிலான நான்கு ஓவியங்கள் ஊர் ஊராகப் போய், 13 கோடி டாலருக்கு மேல் போர்க் கடன்பத்திரங்கள் விற்க உதவின.