பட்டறைப் பதில்கள்: கண்ணுக்கு முன்னால் ஒரு குட்டித் திரை

கேள்வி: 0.96 அங்குல ஓஎல்இடி (தானே ஒளிரும் சின்ன) திரையை ஒரு வெல்டிங் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டி, நேரம், வெப்பநிலை, எதிரே இருக்கும் பொருளின் தூரம் எல்லாம் காட்டும்படி செய்தேன். மேசையில் பளிச்சென்று தெரிகிற எழுத்து, மாட்டிக்கொண்டால் நீலத் தீற்றலாகத்தான் தெரிகிறது. திரை பழுதா?
(பாலிடெக்னிக் மாணவர், திண்டுக்கல்)

பதில்: திரைக்கு ஒன்றும் ஆகவில்லை, தம்பி. ஏறக்குறைய 25 சென்டிமீட்டருக்கும் கிட்டே வருவதை நம் கண்ணால் சிரமமில்லாமல் தெளிவாகப் பார்க்க முடியாது. இளம் வயதில் இன்னும் கொஞ்சம் கிட்டே பார்க்கலாம்; உங்கள் திரை கண்ணிலிருந்து இருக்கும் மூன்று சென்டிமீட்டர் மாதிரியான தூரத்தில் யாராலும் முடியாது. இந்தக் கண்ணாடி செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் சென்சாரில் தொடங்குகிறார்கள். லென்ஸில் தொடங்குங்கள் என்றுதான் நான் எப்போதும் சொல்வேன். எழுத்து படிக்க வந்தால்தான் மற்றதெல்லாம்.

5 செ.மீ. குவியத்தூரம் உள்ள குவிலென்ஸ் ஒன்று வேண்டும். சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள், அநேகமாக அதுவே போதும். எந்த லென்ஸானாலும் அளந்துவிடுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வெள்ளைத் தாளை ஒட்டி, லென்ஸை அதன் முன்னால் மெல்ல நகர்த்துங்கள். வெளியே தூரத்தில் நிற்கும் மரம் தாளில் தலைகீழாகத் தெளிவாக விழும் இடத்தில் நிறுத்தி, லென்ஸுக்கும் தாளுக்கும் இடையே ஸ்கேல் வைத்தால் குவியத்தூரம் கிடைத்துவிடும்.

இனி திரையை லென்ஸிலிருந்து 4.8 செ.மீ. தள்ளி வைத்தால், எழுத்து 120 செ.மீ. தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். 4.5-க்குக் கொண்டுவந்தால் 45 செ.மீ.க்கு வந்துவிடும். மூன்று மில்லிமீட்டர் நகர்த்தியதற்கு இவ்வளவு மாற்றம்! அதனால் திரையைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். கறுப்பு சார்ட் பேப்பரில் ஒன்றுக்குள் ஒன்று நகரும்படி இரண்டு குழாய் செய்து, ஒன்றில் லென்ஸ், மற்றதில் திரை. கிட்டப்பார்வை உள்ள நண்பர் கேட்டால் குழாயைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கொடுங்கள். தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டே அவர் படித்துவிடலாம்.

எதிரே இருப்பதும் தெரிய வேண்டுமே? குழாயைப் புருவத்துக்கு மேல் கீழ்நோக்கி வைத்து, கண்ணுக்கு நேரே ஒரு தெளிவான பிளாஸ்டிக் தகட்டை 45 டிகிரி சாய்த்து மாட்டுங்கள். பழைய சிடி பெட்டியின் மூடி நல்ல தகடு. சாதாரணத் தகடு ஒரு பக்கத்துக்கு நான்கைந்து சதவீத ஒளியைத்தான் திருப்பி அனுப்பும், அதனால் அறைக்குள் தெரிகிற எழுத்து வெயிலில் காணாமல் போகும். தகட்டின் ஒரு பக்கம் கார் கண்ணாடிக்கு ஒட்டும் பளபளப்பான ஃபிலிம் ஒரு துண்டு ஒட்டினால் எழுத்து எடுப்பாகத் தெரியும், தகட்டின் இரண்டு பக்கமும் ஒளியைத் திருப்புவதால் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிவதும் குறையும். தகட்டில் பட்டு வருவதால் எழுத்து புரண்டிருக்கும். படத்தைத் திருப்பும் கட்டளை திரையின் சிப்பிலேயே உண்டு, புரோகிராமில் ஒரு வரி போதும்.

ஒன்றை மறக்காதீர்கள். உபயோகிக்காதபோது லென்ஸுக்கு மூடி போடுங்கள். வெயில் நேராக லென்ஸ் வழியே போனால் திரையில் ஓட்டை விழும்.

கேள்வி: தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்ட எம்பியு-6050 என்ற அசைவை அளக்கும் சென்சார் வைத்தேன். அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் திசை தானாக நகர்கிறது. சென்சாரை மாற்றியும் அதே கதை.
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: எத்தனை மாற்றினாலும் இப்படித்தான் இருக்கும், அம்மா. அதிலுள்ள கைரோ திரும்பும் வேகத்தை மட்டும் சொல்கிறது. அதைக் கூட்டிக் கூட்டித்தான் நாம் கோணம் கண்டுபிடிக்கிறோம். நொடிக்கு 0.1 டிகிரி பிழை இருந்தால்கூட ஒரு நிமிடத்தில் 6 டிகிரி ஆகிவிடும். தலையை மேலே கீழே ஆட்டுவதையும் பக்கவாட்டில் சாய்ப்பதையும் சரிபார்க்க அதே சிப்பில் இருக்கும் முடுக்கமானி உதவும், ஏனென்றால் புவியீர்ப்பு எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியும். இடம் வலம் திரும்பும்போது புவியீர்ப்பின் திசை மாறுவதில்லை, அதனால் அங்கே அது கைவிட்டுவிடும். திசை வேண்டுமானால் காந்தமானியும் (திசைகாட்டி போல வடக்கை உணர்வது) சேர்ந்த பிஎன்ஓ-055 போன்ற சென்சாரை வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் கணக்கையெல்லாம் அதுவே போட்டுக் கொடுக்கும். இரும்புச் சட்டம், ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள். அதுவரை, இருப்பதை ஆன் செய்ததும் சில நொடி அசையாமல் வைத்து, அப்போது காட்டும் சராசரியைக் கழித்துவிடுங்கள். நகர்வு வெகுவாகக் குறையும்.

கேள்வி: இந்தத் திரைக் கண்ணாடியெல்லாம் கூகுள் கண்டுபிடித்ததுதானே?
(வாசகர், மதுரை)

பதில்: இல்லை. கூகுள் கிளாஸ் என்ற அவர்களுடைய திரைக் கண்ணாடி 2013-இல்தான் 1,500 டாலர் விலையில் வெளியாட்கள் கைக்கு வந்தது. ஹார்வர்டில் ஐவன் சதர்லேண்ட் 1968-லேயே தலையில் மாட்டும் திரை செய்துவிட்டார். தலை தாங்காத கனம் என்பதால் அதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். கனடாவின் ஸ்டீவ் மான், 1980-களில் தானே செய்த கணினியையும் திரையையும் உடம்பில் மாட்டிக்கொண்டு வெளியே நடமாடியவர். பிற்பாடு டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். வீட்டில் செய்கிறவர்களுக்கெல்லாம் அவர்தான் முன்னோடி என்பேன்.

கேள்வி: பத்தாவது படிக்கும் என் மகன், கேமரா படத்தையே கண்ணெதிரே திரையில் காட்டும் கண்ணாடி செய்திருக்கிறான். அதைப் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டுவேன் என்கிறான். விடலாமா?
(ஒரு தாய், நாகர்கோவில்)

பதில்: கண்டிப்பாக வேண்டாம். கேமராவில் விழுந்த படம் கணினி வழியாகத் திரைக்கு வர ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம் ஆவது சாதாரணம். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிள் அதற்குள் ஒரு மீட்டர் முன்னால் போயிருக்கும். வயர் கழன்றால் மொத்தமும் இருட்டு. அவன் திறமையை மனதாரப் பாராட்டுங்கள். வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து போட்டுப் பார்க்கட்டும்.

அப்புறம் பேட்டரி. லித்தியம் பேட்டரியை நெற்றிப் பக்கம் கட்ட விடாதீர்கள். சட்டைப்பையில் வைத்து நீளமான வயர் இழுக்கட்டும். பாதுகாப்புச் சுற்று உள்ள சார்ஜிங் போர்டுதானா என்று கேட்டு வாங்குங்கள். உப்பிய பேட்டரியை அன்றே ஒதுக்கிவிட வேண்டும். கேமரா ஓடும்போது எதிரே இருப்பவருக்குத் தெரியும்படி ஒரு சிவப்பு எல்இடியும் வைக்கச் சொல்லுங்கள். கேமராவுக்குப் போகும் மின்சாரத்திலேயே அதைச் சேர்த்துவிட்டால், கேமரா ஓடிக்கொண்டிருக்கும் வரை விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். பள்ளிக்கு எடுத்துப் போவதென்றால் ஆசிரியரிடம் முதலில் அனுமதி வாங்கட்டும்.