சமக்ர சிக்ஷா பணத்தில் தமிழகக் கட்சிகள் எங்கே நிற்கின்றன?

பள்ளிக்கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்பதுதான் பங்கு. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் தேசியக் கல்விக் கொள்கையையே ஏற்றதாகிவிடும், மும்மொழி உள்ளே வந்துவிடும் என்று திமுக அரசு மறுத்ததால், 2024-25க்கு வரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் நின்றுபோனது. பத்தாயிரம் கோடி கொடுத்தாலும் கையெழுத்திட மாட்டோம் என்றார் ஸ்டாலின். 2025 மே மாதம் இந்தப் பணத்தைக் கேட்டுத் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது.

சரி, மற்றவர்கள்? இருமொழிக் கொள்கையில் அதிமுகவுக்கும் மாற்றுக் கருத்தில்லை. பாஜகவோ, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றுக் கையெழுத்திட்டால் பணம் வரும் என்கிறது.

எனக்கு இதில் தாங்க முடியாதது ஒன்றுதான்: ஆசிரியர் சம்பளம், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்கள், தனியார் பள்ளிகளில் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேரும் ஏழைக் குழந்தைகளின் கட்டணம் எல்லாமே இந்தப் பணத்தோடு பிணைந்தவை. கொள்கைச் சண்டைக்கு அதைப் பிணையாக வைத்தது பெரிய தவறு.