மெஷின் நடக்குமா, ஓடுமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி விடுதியில் தங்கியிருக்கும் பீகார் இளைஞர்களுக்கு ஞாயிறுதோறும் பேச்சுத்தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ‘நட’ என்ற சொல்லில் வகுப்பே சிக்கிக்கொண்டது. ‘மெஷின் நடக்குது’, ‘பைக் நடத்துறேன்’ என்கிறார்கள். எப்படித் திருத்துவது?
– வாசகி, திருப்பூர்

பதில்: இந்தியில் ‘சல்னா’ என்ற ஒரே வினை காலுக்கும் மின்விசிறிக்கும் வேலைக்கும் வரும். அதைத்தான் அப்படியே தமிழில் வைக்கிறார்கள். நாம் அந்த இடத்தை ‘நட’, ‘ஓடு’ என்று பிரித்து வைத்திருக்கிறோம். அதனால் ‘நட’வைத் தனியாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள், இரண்டையும் ஒரே நாளில் எடுங்கள்.

மோட்டாரோ சக்கரமோ இருந்தால் ஓடும். ஆட்கள் சேர்ந்து செய்வது நடக்கும்: வேலை, கல்யாணம், சண்டை. அவர்கள் கண்முன்னே இருக்கும் உதாரணமே போதும். கரண்ட் போனால் தையல் மெஷின் ஓடாது. கையால் பிசிர் வெட்டும் வேலை நடக்கும். கடைக்கு மட்டும் இரண்டும் பொருந்தும், பொருள்தான் மாறும். ‘கடை நடக்குது’ என்றால் இன்னும் மூடவில்லை. ‘கடை நல்லா ஓடுது’ என்றால் வியாபாரம் சூடாக இருக்கிறது.

அடுத்து ஓடு–ஓட்டு, நட–நடத்து. இந்தியில் சல்னா (தானே ஓடுவது), சலானா (ஓட்டுவது) தெரிந்தவர்களுக்கு இந்த ஜோடி சட்டென்று பிடிபடும். ‘சூப்பர்வைசர் மீட்டிங் நடந்தாரு’ என்று யாராவது சொன்னால், ‘யார் செஞ்சது?’ என்று கேளுங்கள். ஆளைச் சொல்லித் தொடங்கினால் ‘நடத்தினாரு’. ஆளே வேண்டாம் என்றால் ‘மீட்டிங் நடந்துச்சு’.

‘நடத்து’ ஒரு மனிதரைத் தொட்டு வரும்போது வேறு பொருள் கொள்கிறது. ‘எங்களை மரியாதையா நடத்துங்க’ என்ற வாக்கியத்தை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். ஊர் விட்டு ஊர் வந்து வேலை செய்கிறவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும். ‘ஒழுங்கா நடந்துக்கோ’ என்று யாராவது அதட்டினால் அது நடத்தையைப் பற்றியது, காலைப் பற்றியது இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

‘சலோ’வை ‘நட’ என்று மாற்றவே விடாதீர்கள். ‘சலோ’ தோழனைக் கூப்பிடுவது. தமிழில் ‘வா, போலாம்’. தனியாக ‘நட’ என்றால் விரட்டுவதுபோல் கேட்கும். ‘நடையைக் கட்டு’ அதைவிடக் கடுமை. ‘பரவாயில்லை, போதும்’ என்ற பொருளில் இந்தியில் சொல்லும் ‘சலேகா’வும் இப்படித்தான். சர்க்கரை குறைந்த டீயை நீட்டி ‘பரவாயில்லையா?’ என்று கேட்கும் கடைக்காரரிடம் ‘நடக்கும்’ என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. ‘பரவாயில்லண்ணா’ என்று சொல்லப் பழக்குங்கள்.

லோடு ஏற்றுகிறவர்களுக்கு ‘நடை’ முக்கியம். ‘வண்டி மூணு நடை போச்சு’ என்றால் மூன்று தடவை போய் வந்தது. நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடத்தில் இது தெரியாவிட்டால் கணக்கில் ஏமாந்துபோவார்கள். கோயிலில் ‘நடை சாத்தியாச்சு’ என்பது சன்னிதிக் கதவு. ‘நாற்று நட’ என்பதில் வருவது ‘நடு’ என்ற வேறு வினை. நட்டேன், நடுவேன் என்று போகும். அதை இப்போது தொடவேண்டாம், குழப்பம்தான் கூடும்.

கடைசியாக ஒன்று. விரலில் ஊசி ஏறிவிட்டால் முதலில் ‘என்ன ஆச்சு?’ என்பார்கள். அதற்கு ‘ஊசி ஏறிடுச்சு’ போதும். பிறகு ‘என்ன நடந்துச்சு?’ என்று கேட்டால் முதலிலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டும்: மெஷின் ஓடிட்டிருந்துச்சு, நூல் அறுந்துச்சு, கை வச்சேன். அடுத்த ஞாயிறு ஒவ்வொருவரையும் ‘நேத்து என்ன நடந்துச்சு?’ என்று கேட்டு ஐந்து வாக்கியம் சொல்லவையுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். ‘நட’ வரும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு, முடித்த பிறகு எடுத்துச் சொல்லுங்கள்.