காதுவலிக்கு மூலிகை டிராப்ஸ் வாங்கலாமா?

கேள்வி: விடுமுறையில் என் மகன் (11 வயது) தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகினான். இப்போது காதில் ஒரே அரிப்பு. காது மடலைத் தொட்டாலே கத்துகிறான். மாமியார் நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி விடச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா ஹோமியோ மாத்திரை தருகிறார். நானோ "100% இயற்கை, மூன்றே நாளில் குணம், காது மந்தமும் போகும்" என்ற விளம்பரத்தை நம்பி ஆன்லைனில் டிராப்ஸ் வாங்கிவிட்டேன். எதை விடுவது? வேண்டாமென்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?
- ஒரு வாசகி, வாழப்பாடி

பதில்: மூன்றையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். மடலை இழுத்தால், காதுத் துவாரத்தின் முன்னால் இருக்கும் சின்னக் குமிழை அழுத்தினால் வலி கூடுகிறது என்றால், அது பெரும்பாலும் வெளிக்காதுத் தொற்று. தண்ணீர் தேங்கித் தோல் ஊறிப்போவதாலும், பட்ஸ் போட்டுக் குடைவதாலும் வருவது. காது அழுக்கு என்று நாம் வழித்தெடுப்பதுதான் தோலுக்குக் காவல்.

செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தச் சொட்டும் விடக்கூடாது. அதை வீட்டில் பார்க்க முடியாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது-மூக்கு-தொண்டைப் பிரிவு இருக்கிறது, காசும் ஆகாது. மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கும் டிராப்ஸுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. ஓட்டை இருந்தால் ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் சொட்டுகள் உள்காதைக் கெடுக்கலாம். வந்திருப்பது பூஞ்சையாக இருந்தால் ஆன்டிபயாடிக் அதை இன்னும் வளர்த்துவிடும். நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் காதில் பூஞ்சை சாதாரணம்.

மாமியார் சொல்வதில் ஒரு பாதி நியாயம்: பூண்டுக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு. ஆனால் சூடான எண்ணெயும் பூண்டுச் சாறும் ஏற்கெனவே புண்ணான தோலைப் பொசுக்கும், எண்ணெய் ஈரத்தையும் உள்ளேயே அடைத்துவிடும். ஹோமியோ மாத்திரை டப்பாவில் 30சி என்று போட்டிருந்தால், மூலப்பொருளை நூறில் ஒரு பங்காக முப்பது முறை கரைத்தது என்று பொருள். பன்னிரண்டாவது முறையைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதே அரிது. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015-ல் ஆய்வுகளை அலசி, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதாக நம்பகமான சான்று இல்லை என்றது. அக்காவின் மாத்திரையால் காதுக்குக் கெடுதல் வராது. அதை நம்பி டாக்டரைத் தள்ளிப்போட்டால்தான் வரும்.

வீட்டு வைத்தியத்தில் காரணத்தோடு நிற்பது வினிகர் ஒன்றுதான். அமிலத்தில் இந்தக் கிருமிகள் பிழைப்பது கடினம். மருத்துவர்கள் தரும் சொட்டுகளிலும் 2% அசிட்டிக் அமிலம் உண்டு. மளிகைக்கடை வெள்ளை வினிகர் ஏறக்குறைய 4-5%. கொதித்து ஆறிய நீரைச் சம அளவு கலந்தால் போதும். ஆனால் இது காது ஆறி, செவிப்பறை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, குளித்து வந்ததும் வராமல் தடுக்க மட்டும். லேப் கடையில் கிடைக்கும் அடர் அசிட்டிக் அமிலம் பக்கம் போகவே வேண்டாம்.

இனி பணம். பாட்டிலைத் திறக்காமல் இருந்தால் இன்றே ரிட்டர்ன் போடுங்கள். திறந்திருந்தால் விற்பவர் மறுக்கலாம். அப்போது விளம்பரமே உங்கள் ஆதாரம். ஸ்கிரீன்ஷாட், பில், அட்டைப்பெட்டி மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்கள் என்று 1954-ம் ஆண்டு மருந்து, மாய மருந்து விளம்பரச் சட்டம் தரும் பட்டியலில் காது கேளாமையும் இருக்கிறது. ஆகவே 'காது மந்தம் போகும்' என்ற வரிதான் அவர்களுக்குச் சிக்கல். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார். தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை. மேட்டூரில் குளித்து வந்ததிலிருந்து காதுவலி, இரவில் தூக்கமே இல்லை. இதே வினிகர் போதுமா?
- ஒரு வாசகர், ஓமலூர்

பதில்: போதாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தத் தொற்று எலும்பு வரை போகலாம். நாளை வரை காத்திருக்காமல் இன்றே அழைத்துப் போங்கள்.