தைவான் நடிகை பிரிஜிட் லின் யார்? இவ்வளவு பேர் கொண்டாடும் அவர் ஏன் இப்போது நடிப்பதில்லை?

1994-ல் திருமணம் செய்துகொண்டு, நாற்பது வயதில் சினிமாவை விட்டு விலகினார். அதற்குள் அவர் நடித்து முடித்த படங்கள் சுமார் நூறு.

பிறந்தது 1954-ல், தைவானில். பள்ளிப்படிப்பு முடிந்த சமயம் தைபே தெருவில் நடந்து போனவரைப் பார்த்துத்தான் சினிமாவுக்கு அழைத்தார்கள். முதல் படம் 1973-ல் வந்த 'அவுட்சைடு தி விண்டோ'. எழுபதுகள் முழுக்க, கண்ணீரும் காதலுமாக ஓடும் சியுங் யாவ் என்ற எழுத்தாளரின் நாவல் கதைகள்தான் அவருக்கு அதிகம் கிடைத்தன. அப்புறம் ஹாங்காங்குக்குப் போனார்.

அவரை மறக்க முடியாதவராக்கியது 1992-ன் 'ஸ்வோர்ட்ஸ்மேன் 2' என்பேன். ஒரு வித்தையின் உச்சத்தை அடைவதற்காகத் தன் ஆண்மையையே துறந்து, மெல்ல மெல்லப் பெண்ணாக மாறும் தலைவன் வேடம் அது. அதில் சண்டையைவிட அவர் பார்வை கூர்மையாக இருக்கும். தைவானின் கோல்டன் ஹார்ஸ் சிறந்த நடிகை விருது மட்டும் அதற்கு முன்பே, 1990-ல் வந்த 'ரெட் டஸ்ட்' படத்துக்காகக் கிடைத்துவிட்டது.

எங்கிருந்து தொடங்கலாம் என்றால், வாங் கார்-வாய் இயக்கிய 'சங்கிங் எக்ஸ்பிரஸ்' பாருங்கள். பொன்னிற விக், மழைக்கோட்டு, இரவிலும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. எப்போது மழை வரும், எப்போது வெயில் அடிக்கும் என்று தெரியாததால் இரண்டையும் சேர்த்தே அணியும் பெண். அந்தக் கண்களை மறைத்துவிட்டும், நடையிலும் தோள்களிலும் அத்தனை களைப்பையும் காட்டிவிடுகிறார்.

விலகிய பிறகு கட்டுரைகள் எழுதிப் புத்தகங்கள் வெளியிட்டார். 2023-ல் கோல்டன் ஹார்ஸ் வாழ்நாள் சாதனையாளர் விருதும் அவரைத் தேடி வந்தது.